இருவருக்குமான இரவு உணவு – கடிதம்

அன்புள்ள அம்மா,

உணவைப் பற்றி நீங்கள் எழுதுவனவற்றைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். நான் தூத்துக்குடிப் பக்கம். என் கணவர் கோபிசெட்டிபாளையத்துக்காரர். இருவரும் கோவையில் வேலை பார்க்கிறோம். சென்ற மாதப் பரிசோதனையில் அவருடைய எச்பிஏ1சி என்கிற இரத்தச் சர்க்கரை அளவு 6.1 என்று வந்தது. மருந்து வேண்டாம், உணவைச் சரிசெய்யுங்கள் என்றார் மருத்துவர். அன்றிலிருந்து இரவில் அரிசியை நிறுத்திவிட்டு, சாமைச் சோறும் எண்ணெய் இல்லாத சுரைக்காய்க் கூட்டும், இல்லையென்றால் கேழ்வரகுக் கஞ்சியும் செய்கிறேன். அவர் மறுபேச்சில்லாமல் சாப்பிடுகிறார். பதினொரு மணிக்கு மிக்சர் டப்பாவைத் திறக்கிறார். அவருக்கு உயிரான அரிசிம்பருப்புச் சாதத்தைச் செய்தே ஒரு மாதமாகிறது. நான் அவருக்குப் போட்டுவிட்டு, மீந்ததைச் சாப்பிட்டு, ஒரு டீ குடித்துவிட்டுப் படுத்துவிடுவேன். அதே பரிசோதனையில் எனக்கு ஹீமோகுளோபின் 9.8 இருந்தது. இரண்டு சமையல் செய்ய நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. இருவருக்கும் பிடித்த, இருவருக்கும் நல்லதான இரவு உணவு என்று ஒன்று உண்டா?

பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புள்ள வாசகிக்கு,

உண்டு. ஆனால் நீங்கள் கடிதத்தின் கடைசியில் ஒரே வரியில் சொல்லிச் சென்ற உங்கள் ஹீமோகுளோபின் அளவை நான் முதலில் எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருப்பது நீரிழிவுக்கு முந்தைய நிலை. உங்கள் கணவருக்கு வந்திருப்பது எச்சரிக்கை. கர்ப்பமாக இல்லாத ஒரு பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இறங்கினாலே இரத்தசோகை என்பது கணக்கு, 9.8 என்றால் நோய் ஏற்கெனவே வந்துவிட்டது. 2019–21இல் நடந்த தேசிய குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகையோடு இருந்தார்கள். அதனாலேயே நம் வீடுகளில் இது ஒரு குறையாகவே எண்ணப்படுவதில்லை. தெம்பில்லை என்று சொல்லிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். இந்த அளவிலான இரத்தசோகை உணவினால் மட்டும் சரியாகாது. மருத்துவரைப் பார்த்துக் காரணத்தைக் கண்டறிந்து, அவர் தரும் இரும்புச்சத்து மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். உணவு அதற்குத் துணை நிற்கும்.

இனி உங்கள் கேள்வி. அவருக்கு வேண்டியது மாவுச்சத்து குறைந்து, புரதமும் நார்ச்சத்தும் கூடிய தட்டு. உங்களுக்கு வேண்டியது இரும்பும் புரதமும் நிறைந்த தட்டு. பருப்பு, பயறு, கீரை, முட்டை, மீன் என்று இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. எனவே குழம்பும் பொரியலும் ஒன்றாகவே இருக்கலாம். சோற்றின் அளவு மட்டும் தட்டுக்குத் தட்டு மாறினால் போதும்.

நீங்கள் அக்கறையோடு செய்த மாற்றம் பலிக்காமல் போனதற்குக் காரணம், தானியத்தை மட்டும் மாற்றியதுதான். நூறு கிராம் அரிசியில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து என்றால் சாமையிலும் 60 கிராமுக்கு மேல் இருக்கிறது. நார்ச்சத்து சற்றுக் கூடுதல் என்பது உண்மைதான். ஆனால் தட்டு நிறையச் சாமைச் சோற்றைப் போட்டுப் பக்கத்தில் ஒரு கரண்டி சுரைக்காயை வைத்தால் கணக்கில் பெரிய மாற்றம் ஏற்படாது. கேழ்வரகை நைசாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சினால் அது விரைவாகச் செரித்துச் சர்க்கரையை ஏற்றிவிடும். இவ்விரண்டிலும் புரதமும் கொழுப்பும் மிகக் குறைவு என்பதால் வயிறு சீக்கிரம் காலியாகிறது. உப்பு, புளி, தாளிப்பு எல்லாம் போய்விட்டதால் நாக்கும் நிறைவதில்லை. பதினொரு மணிக்கு அவர் மிக்சர் டப்பாவைத் தேடுவது மனவுறுதி இல்லாததால் அல்ல, உண்மையிலேயே பசிப்பதால்.

ஆகவே, அரிசிம்பருப்புச் சாதத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள். வழக்கமாக ஒரு ஆழாக்கு அரிசிக்குக் கால் ஆழாக்கோ, கொஞ்சம் கூடவோ துவரம்பருப்பு போடுவீர்கள். இனி இருவருக்கும் சேர்த்து முக்கால் ஆழாக்கு அரிசி, முக்கால் ஆழாக்கு பருப்பு என்று சமமாகப் போடுங்கள். பருப்பை அரை மணி நேரம் முன்பே ஊறவைத்து, தண்ணீரைச் சற்றுக் கூட்டி வைத்தால் குழைவாக வரும். சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு, வரமிளகாய், தக்காளி எதையும் குறைக்க வேண்டாம். பருப்பு கூடும்போது இவற்றையும் கொஞ்சம் கூட்டினால்தான் பழைய ருசி நிற்கும். பரிமாறும்போது ஒரு கரண்டி நெய் விடுவதில் தவறில்லை. தொட்டுக்கொள்ள அப்பளமும் ஊறுகாயும் வேண்டாம்; நாளெல்லாம் சேர்த்து ஒருவருக்கு 5 கிராமுக்குள் உப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவில் கணிசமான பகுதியை அவை தின்றுவிடும். அதற்குப் பதிலாக முட்டை உடைத்துவிட்டுக் கிளறிய முருங்கைக்கீரைப் பொரியலைப் பாதித் தட்டுக்கு வையுங்கள். அதன்மேல் எலுமிச்சையைப் பிழிந்துகொண்டால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடல் கூடுதலாக ஏற்கும். பொரியலை முதலில் சாப்பிட்டுவிட்டுப் பிறகு சாதத்துக்கு வந்தால் சர்க்கரை ஏறுவது மட்டுப்படுகிறது என்று நீரிழிவு உள்ளவர்களிடம் நடத்திய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அவர் தட்டில் சாதம் ஒரு கரண்டி குறையட்டும், உங்கள் தட்டில் ஒரு கரண்டி கூடட்டும். அவர் ஊரின் கொள்ளுக் கடைசலும் பச்சைப்பயறுக் கடைசலும் இதே முறைக்கு நன்றாக ஒத்துவரும்.

உங்கள் கடிதத்தை மறுபடி படித்தபோது ஒன்று உறுத்தியது. அவருக்கு எது பிடிக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு எது பிடிக்கும் என்று ஒரு சொல்கூட இல்லை. தூத்துக்குடியில் வளர்ந்தவருக்குச் சாளைக் குழம்பு வேண்டியிருக்காதா? மீனில் உள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்கும். அதோடு சேர்த்துச் சாப்பிடும் கீரையின் இரும்பையும் அது உடலுக்குள் கொண்டுசேர்க்கும். உக்கடம் மீன் சந்தை இருக்கும் ஊரில் வாரம் இரண்டு நாள் உங்கள் ஊர்க் குழம்பு கொதிக்கட்டும். அவருக்கு மீன் பழக்கமில்லை என்றால், தேங்காய் அரைத்துவிட்ட குழம்பு கொதித்ததும் மீனைப் போடுவதற்கு முன் ஒரு பங்கை வேறு சட்டியில் எடுத்து, அவித்த முட்டைகளைக் கீறிப் போட்டுவிடுங்கள். அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

நேரம் இல்லாத நாட்களில் தோசைக்குப் பதில் அடை வார்க்கலாம். தோசை மாவில் நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்துதான் போடுகிறோம். அடையில் பருப்புகள் அரிசிக்குச் சமமாக நிற்கும். பச்சைப்பயற்றைக் காலையில் ஊறப்போட்டுவிட்டுப் போனால் மாலையில் அரைத்து உடனே பெசரட்டு வார்க்கலாம், புளிக்க வேண்டியதில்லை. எண்ணெயே கூடாது என்று நினைக்க வேண்டாம். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல் நாளொன்றுக்கு ஒருவருக்கு 27 கிராம் எண்ணெயை அனுமதிக்கிறது. இருவருக்கு மாதம் ஒன்றே முக்கால் லிட்டர் ஆகிறது. அதற்குள் நன்றாகவே தாளிக்கலாம்.

இரவு டீயை விட்டுவிடுங்கள். சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீ, உணவில் கிடைத்த இரும்பை உடல் ஏற்கவிடாமல் தடுக்கும். பரிமாறிவிட்டு மீந்ததைச் சாப்பிடும் வழக்கத்தையும் தயவுசெய்து விடுங்கள். பருப்பும் முட்டையும் மீனும் முதலில் தீர்ந்துபோகும் பண்டங்கள், கடைசியில் உட்காருபவருக்குச் சோறும் ரசமும்தான் மிஞ்சும். இரண்டு தட்டையும் ஒரே நேரத்தில் போட்டுக்கொண்டு சேர்ந்து உட்காருங்கள். பயறு ஊறப்போடுவதும் கீரை ஆய்வதும் இனி அவர் வேலையாக இருக்கட்டும். உங்கள் கடிதத்தை அவருக்குக் காட்டினால் அவரே முன்வருவார் என்று நம்புகிறேன். எச்பிஏ1சி ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது, எனவே அதற்கு முன் அவசரப்பட்டுச் சோதிக்க வேண்டாம். உங்கள் ஹீமோகுளோபினை மட்டும் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பார்த்துக்கொண்டு, மூன்று மாதம் கழித்து இருவருடைய முடிவுகளையும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.