மைத்துனர் பெயரில் வயல் வேண்டாம்

இந்தியக் குடியுரிமையுள்ள நீங்கள், இந்தோனேசியாவின் மத்திய ஜாவாவில், அந்நாட்டுக் குடிமகளான மனைவியின் கிராமத்தில், அவருடைய அண்ணன் பெயரில் வயல் வாங்கி, நிலம் உண்மையில் உங்களுடையது என்று தனியாக ஒரு பத்திரம் எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யாதீர்கள். அந்நாட்டின் 1960ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி 'ஹக் மிலிக்' என்ற முழு உரிமை இந்தோனேசியக் குடிமக்களுக்கே. வெளிநாட்டவருக்கு மறைமுகமாக மாற்றிக் கொடுத்தாலும் அது செல்லாது. நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கவும் வழியில்லை. மைத்துனர் தங்கமானவராகவே இருக்கட்டும், நாளை அவர் பிள்ளைகள் என்ன சொல்வார்களோ?

மனைவி பெயரில் வாங்கலாம். ஆனால் கணவன் சொத்தும் மனைவி சொத்தும் தனித்தனி என்ற சொத்துப் பிரிப்பு ஒப்பந்தம் இல்லையென்றால் அது உங்கள் இருவரின் கூட்டுச் சொத்தாகி, வெளிநாட்டவரான உங்களுக்கும் அதில் பங்கு என்று சிக்கல் வரும். திருமணத்துக்குப் பிறகும் அந்த ஒப்பந்தத்தை எழுத அரசியல் சாசன நீதிமன்றம் அனுமதித்திருக்கிறது. நோட்டரியிடம் எழுதிப் பதிவு செய்துவிட்டு, அப்புறம் நிலம் பாருங்கள்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது: விளைநிலத்தின் உரிமையாளர் அதே கெசமத்தானிலோ (மாவட்டத்தின் உட்பிரிவு) அடுத்ததிலோ குடியிருக்க வேண்டும். நீங்கள் இருவரும் வெளிநாட்டில் இருந்தால் வயலை விட்டுவிட்டு வீட்டுமனை பாருங்கள். விற்பவர் 'லெட்டர் சி' பதிவேட்டின் நகலை மட்டும் காட்டினால் முன்பணம் கொடுக்காதீர்கள். அது கிராமத்து வரிப்பதிவு, நில உரிமைச் சான்றிதழ் அல்ல. வயலில் இப்போது யாராவது விளைச்சலில் பாதிப் பங்குக்கு உழுகிறார்களா என்பதையும் ஆர்டி (அக்கம்பக்கத்து வீடுகளின் குழு) தலைவரிடம் கேட்டுவிடுங்கள். அந்தக் குடும்பத்தைப் பகைத்துக்கொண்டு அந்த ஊரில் நிம்மதியாக இருக்க முடியாது.