பொருளாளராக இருந்தவன் சொல்கிறேன்

கேள்வி: கிறிஸ்தவன் தன்னைத்தானே நேசிக்கலாமா, தன்னை மன்னிக்கலாமா? கடைசி நாட்களில் மனுஷர் தற்பிரியராய், அதாவது தங்களையே நேசிக்கிறவர்களாய், இருப்பார்கள் என்று 2 தீமோத்தேயு 3இல் இருக்கிறதே?

இதைக் கேட்டவர் வெறும் வேத ஆராய்ச்சிக்காகக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். ஏதோ ஒன்றைச் செய்துவிட்டு, ஆண்டவரிடம் எத்தனையோ முறை மன்னிப்புக் கேட்டும் ராத்திரி புரண்டு புரண்டு படுக்கிறவர் கேட்கிற மாதிரி இருக்கிறது. தப்பாக யூகித்திருந்தால் விட்டுவிடுங்கள். நான் ஊழியக்காரன் இல்லை, வேதாகமக் கல்லூரி வாசலைக்கூட மிதித்ததில்லை. குடியாத்தம் பக்கம் ஒரு கிராமத்துச் சபையில் ஆறு வருஷம் பொருளாளராக இருந்தவன்.

2011 அறுப்பின் பண்டிகை, அதாவது விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவந்து சபையில் ஏலம் விடுகிற பண்டிகை, அந்தப் பணத்தில் 11,500 ரூபாயை எடுத்து மகனுக்குப் பாலிடெக்னிக் ஃபீஸ் கட்டினேன். திருடவேண்டும் என்று எடுக்கவில்லை, சீட்டு வந்ததும் வைத்துவிடலாம் என்றுதான். (எல்லாத் திருடனும் இப்படித்தான் சொல்வான் என்று கமெண்டில் எழுதப்போகிறவர்களுக்கு: தெரியும், எழுதுங்கள்.) அதற்குள் கமிட்டியில் கணக்குக் கேட்டுவிட்டார்கள். பெட்டியில் குறைகிறது என்றேன். அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. கோயிலைப் பெருக்கி, பாய் விரித்து, மணி அடிக்கிறவரிடம் இன்னொரு சாவி இருந்தது. அவரை யாரும் திருடன் என்று சொல்லவில்லை, சாவியை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். இரண்டு மாதத்தில் குடும்பத்தோடு ராணிப்பேட்டைக்குப் போய்விட்டார். அங்கே ஒரு தோல் தொழிற்சாலை கேட்டில் வாட்ச்மேன் வேலை.

பணத்தை நான் கவர்களில் போட்டு, பேர் எழுதாத காணிக்கையாக, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் போட்டு முடித்தேன்.

இங்கே ஒன்று சொல்லியே ஆகவேண்டும். அறுப்பின் பண்டிகை ஏலம் நடத்தும் சபைகளே, தயவுசெய்து கையில் காசு வாங்கிக்கொண்டு பொருளைக் கொடுங்கள். ஒரு பூசணிக்காய் 900 ரூபாய்க்குப் போகும், எல்லோரும் கை தட்டுவார்கள், எடுத்தவர் காசு கொடுக்கக் கிறிஸ்மஸ் தாண்டிவிடும், கேட்டால் ‘நான் என்ன ஊரைவிட்டா ஓடப்போறேன்’ என்பார், கடைசியில் நோட்டில் இடிக்கிறது பொருளாளருக்குத்தான். என் தப்பை மூடுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஆனால் அந்த வருஷமும் ஏல பாக்கி மட்டும் எட்டாயிரத்துக்கு மேல் இருந்தது, அதை ஒருத்தரும் பேசவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அதற்கப்புறம் எட்டு வருஷம் நான் திருவிருந்து (ஆண்டவருடைய நினைவாகக் கொடுக்கிற அப்பமும் ரசமும்) எடுக்கவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு, பிரசங்கம் முடிந்ததும் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவேன், இல்லையென்றால் வண்டிகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வேப்பமரத்தடியில் நின்றுவிடுவேன். அபாத்திரமாய், அதாவது தகுதியில்லாமல், புசிக்கக்கூடாது என்று 1 கொரிந்தியர் 11இல் இருக்கிறதே, அதைப் பிடித்துக்கொண்டேன். அதே இடத்தில் ‘தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து’ என்று இருப்பதை, அதாவது சோதித்துவிட்டு வந்து சாப்பிடு என்று இருப்பதை, வசதியாக விட்டுவிட்டேன்.

ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் ஞாபகம்தான் எப்போதும். அவனும் பணப்பை வைத்திருந்தவன். முப்பது வெள்ளிக்காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டான், நானும்தான் திருப்பிப் போட்டேன். கொடுத்துவிட்டுத் தனக்குத் தானே தீர்ப்பு எழுதி, உயிரை விட்டுவிட்டான். பேதுரு செய்ததும் சின்னத் தப்பு இல்லை, கரிநெருப்பில் குளிர்காய்ந்துகொண்டே ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்தவன். யோவான் 21இல், உயிர்த்தெழுந்த ஆண்டவர் நிற்கிற கரையில் மறுபடியும் கரிநெருப்பு, மேலே மீன். அதே வாடை மூக்கில் ஏறியிருக்கும். ஆனாலும் அவன் ஓடவில்லை, ஈரத் துணியோடு அங்கேயே இருந்து சாப்பிட்டான், தன்மேல் அன்பு உண்டா என்று ஆண்டவர் மூன்று தரம் கேட்ட கேள்விக்கும் பதில் சொன்னான். பேதுரு தன்னை மன்னித்துக்கொண்டான் என்று அங்கே எழுதியில்லை. ‘உன்னை நீ மன்னித்துக்கொள்’ என்கிற கட்டளை வேதத்தில் எங்கேயும் எனக்குக் கிடைக்கவில்லை. ‘நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளியாகத் தீர்த்தாலும் தேவன் அதைவிடப் பெரியவர்’ என்கிற பொருளில் 1 யோவான் 3இல் இருக்கிறது, அவ்வளவுதான்.

தற்பிரியர் விஷயத்துக்கு என் பதில் இது. ‘உன்னிடத்தில் நீ அன்புகூருவதுபோலப் பிறனிடத்திலும் அன்புகூருவாயாக’ என்று ஆண்டவர் சொல்லும்போது, மனுஷன் தன்மேல் அன்பாய் இருப்பான் என்பது முன்னமே தெரிந்த விஷயம் போலத்தான் பேசுகிறார். திருவிருந்தை விட்டுவிட்டு என்னை நான் வெறுத்துக்கொண்டு திரிந்தேனே, அதைத்தான் நான் தற்பிரியம் என்பேன். ‘தண்டனை அனுபவிக்கிறேன் பாரும்’ என்று ஆண்டவருக்குக் காட்டிக்கொண்டே ராணிப்பேட்டை பஸ் ஏறாமல் இருக்கலாமே!

(இது எல்லோருக்கும் பொருந்தாது. தூக்கம், சாப்பாடு எல்லாம் போய்விட்டவர்களுக்கு வசனம் மட்டும் போதாது. வேலூர் பாகாயத்திலேயே மனநல மருத்துவமனை இருக்கிறது, அங்கே போவதை விசுவாசக் குறைவு என்று யாரும் சொல்லவேண்டாம்.)

2019இல் ஒரு சனிக்கிழமை வேலூர் போய், பஸ் மாறி, ராணிப்பேட்டை முத்துக்கடையில் இறங்கினேன். அவர் கேட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். ‘வாங்க சார்’ என்று எழுந்தார். சொன்னேன். முழுசும் சொல்லி முடிக்கக்கூட விடவில்லை.

“சாவி ரெண்டு பேர்கிட்டதான் இருந்துச்சு. நான் எடுக்கல. அப்புறம் யாரு சார்? அன்னிக்கே தெரியும்.”

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார், காசையும் அவரே கொடுத்தார். கிளம்பும்போது, “எங்கிட்ட சொல்லி என்னா சார், அங்க சொல்லுங்க” என்றார்.

அடுத்த வாரம் கமிட்டியில் சொன்னேன். அதற்கடுத்த முதல் ஞாயிறு திருவிருந்துக்குப் போய் முழங்கால் போட்டேன். பக்கத்தில் இருந்த பெரியவர் எழுந்து அந்தக் கோடிக்குப் போய்விட்டார். ஆயர் அப்பத்தை என் கையில் வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.