தெர்மோஸ்டாட் மாடியில், குழந்தை பேஸ்மென்டில்

கேள்வி: ஐயா, நெய்வேலியில் சுரங்க இயந்திரப் பராமரிப்பில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவன் நான். கனடாவில், ஒன்டாரியோவின் வடக்கே சட்பரி நகரத்தில் வேலை கிடைத்திருக்கிறது. ஜனவரி முதல் வாரம் மனைவியோடும் நான்கு வயது மகளோடும் போகிறேன். பிராம்ப்டனில் இருக்கும் ஒரு தமிழ்த் தரகர் மாதம் 1,500 டாலருக்கு பேஸ்மென்டில், அதாவது தரைமட்டத்துக்குக் கீழே உள்ள தளத்தில், வீடு ஒன்று பேசி வைத்திருக்கிறார். ஹீட்டிங் வாடகையில் அடக்கம், ஆனால் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட் மாடியில் வீட்டுக்காரர் கையில். "குளிர்ந்தால் ஒரு ஹீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்" என்கிறார் தரகர். வாசல் பனியை நாங்கள்தான் அள்ள வேண்டுமாம். வீட்டுக்காரரின் அம்மா மாடியில் இருக்கிறார், கீழே உள்ள சமையலறையை அவரும் எப்போதாவது பயன்படுத்துவாராம். ஆறு மாத வாடகை முன்பணம், ஒரு மாத டேமேஜ் டெபாசிட், தரகருக்கு 800 டாலர், எல்லாம் இந்த வாரமே அனுப்பச் சொல்கிறார்கள். மகளுக்கு அடிக்கடி சளி பிடிக்கும். அந்தக் குளிரில் பேஸ்மென்டில் சமாளிக்க முடியுமா?

பதில்: சமாளிக்கலாம். சட்பரியில் ஜனவரி இரவு சராசரியாக மைனஸ் 18 டிகிரி, சில நாள் மைனஸ் 30-ம் தொடும். அந்த ஊரில் பல குடும்பங்கள் பேஸ்மென்டில் பிள்ளை வளர்த்துக்கொண்டுதான் இருக்கின்றன. உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது குளிர் அல்ல, சமையலறையைப் பற்றிய அந்த ஒரு வரி. அதற்கு வருகிறேன். முதலில் நீங்கள் கேட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்டாரியோவில் வெப்பம் என்பது வீட்டுக்காரர் மனது வைத்துக் கொடுக்கிற சலுகை அல்ல. செப்டம்பர் 1 முதல் ஜூன் 15 வரை வாடகை வீட்டுக்குள் குறைந்தது 20 டிகிரி இருந்தாக வேண்டும் என்று விதி இருக்கிறது. எங்கே அளக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது: தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரம், வெளிச்சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி. மாடியில் 21 காட்டுகிறது என்று வீட்டுக்காரர் சொன்னால் அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கணக்கு உங்கள் மகள் தூங்கும் அறையில் என்ன காட்டுகிறது என்பதுதான்.

பேஸ்மென்ட் ஏன் குளிர்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே பெரும்பாலான வீடுகளில் வீடு முழுவதற்கும் சூடான காற்று அனுப்பும் ஃபர்னஸ் ஒன்றுதான், அதற்கு ஒரே தெர்மோஸ்டாட். மாடி சூடானதும் ஃபர்னஸ் நின்றுவிடும். கீழே சூடான காற்று கூரையிலிருந்து வருகிறது, மேலேயே தங்கிவிடுகிறது. கான்கிரீட் தரை சில்லென்றே கிடக்கும். இரவு பில்லைக் குறைக்க மாடியில் 17-க்கு இறக்கி வைத்துவிட்டுத் தூங்கப் போனால், கீழே விடியற்காலையில் 15 தான் இருக்கும்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன் ஒரு குடும்பம் என்னிடம் வந்தது. கைக்குழந்தை ஸ்னோசூட் போட்டுக்கொண்டு தூங்குகிறது என்று அந்தத் தாய் அழுதார். ஒரு டாலர் கடை தெர்மாமீட்டரை வாங்கி, துடைப்பக் கட்டையில் ஐந்தடி உயரத்தில் நூலால் கட்டி, சுவரிலிருந்து மூன்றரை அடி தள்ளி நிறுத்தச் சொன்னேன். காலை ஆறு மணிக்கு ஒன்று, இரவு பத்து மணிக்கு ஒன்று என்று ஒன்பது நாள், பதினெட்டு போட்டோ. ஒன்றில்கூட 17-ஐத் தாண்டவில்லை. அந்தப் படங்களைப் பார்த்த பிறகு வீட்டுக்காரர் தரப்பு வாதமே செய்யவில்லை, கீழ்த்தளத்துக்குத் தனியாக, சுவரின் அடியில் பதிக்கும் பேஸ்போர்டு ஹீட்டர் பொருத்திக் கொடுத்தார்கள். நீங்கள் போய் இறங்கியதும் முதலில் வாங்க வேண்டியது ஜாக்கெட் அல்ல, அந்தத் தெர்மாமீட்டர்.

தரகர் சொன்ன ஹீட்டர் யோசனையை ஏற்காதீர்கள். கடையில் விற்கிற ஸ்பேஸ் ஹீட்டர் பெரும்பாலும் 1,500 வாட். அந்த ஊர் மின்சாரம் 120 வோல்ட், அறை இணைப்பு 15 ஆம்பியர். ஹீட்டர் ஒன்றே பன்னிரண்டரை ஆம்பியர் இழுத்துவிடும், பக்கத்தில் கெட்டிலைப் போட்டால் பிரேக்கர் விழும். எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டினால் வயர் சூடாகித் தீப்பிடிக்கலாம். கரண்ட் பில் உங்கள் பெயரில் இருந்தால், வீட்டுக்காரர் தர வேண்டிய வெப்பத்துக்கு நீங்கள் பணம் கட்டுகிறீர்கள் என்று அர்த்தம்.

20 டிகிரி இல்லையென்றால், முதலில் வீட்டுக்காரருக்கு எழுத்தில் சொல்லுங்கள். குறுஞ்செய்தி போதும், போன் பேச்சு வேண்டாம். அடுத்து நகராட்சியின் உதவி எண்ணான 311-ஐ அழைத்து, அதன் விதிகளை அமல்படுத்தும் பைலா அதிகாரியை வரச் சொல்லுங்கள். மாகாண அரசின் வாடகை வீட்டு அமலாக்கப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது, அவர்கள் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் பேசுவார்கள். கடைசியாகத்தான் வாடகை வழக்குகளை விசாரிக்கும் வீட்டு உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் வாரியம்.

கடைசியாக என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். 2023 மே மாதம் ஒன்டாரியோ ஆம்புட்ஸ்மன், அதாவது அரசு அமைப்புகள் மீதான புகார்களை விசாரிப்பவர், கொடுத்த அறிக்கையில் வாரியத்தில் 38,000-க்கும் மேல் விண்ணப்பங்கள் தேங்கிக் கிடந்தது பதிவாகியிருக்கிறது. குளிரில் நடுங்குகிற குழந்தைக்கு விசாரணைத் தேதி வெயில் காலத்தில் வந்து என்ன பயன்? வெப்பம் அத்தியாவசிய சேவை என்று சட்டமே சொல்கிறது. அதை நிறுத்துகிறவரைத் தட்டிக் கேட்க மாதக்கணக்கில் காத்திருக்கச் சொல்வதும் அதே அரசுதான். எத்தனை வருடமாகச் சொல்லியும் மாறவில்லை. விண்ணப்பம் போட்டால் அவசர விசாரணை வேண்டும் என்ற கோரிக்கையையும் கூடவே போடுங்கள். சட்பரியில் சமூகச் சட்ட உதவி மையம் இருக்கிறது, வருமானம் குறைவாக இருந்தால் அங்கே இலவசமாக உதவுவார்கள்.

இனி அந்தச் சமையலறை. இதுவரை நான் சொன்ன உரிமைகளும், இனி முன்பணத்தைப் பற்றிச் சொல்லப் போவதும் 2006-ஆம் ஆண்டின் குடியிருப்பு வாடகைச் சட்டத்தின் கீழ் வருபவை. அந்தச் சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது. நீங்கள் சமையலறையையோ குளியலறையையோ வீட்டு உரிமையாளரோடு பகிர்ந்துகொண்டுதான் ஆக வேண்டும் என்ற ஏற்பாட்டில் குடியிருந்தால், சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. உரிமையாளர் மட்டுமல்ல, அவருடைய கணவன் அல்லது மனைவி, பிள்ளை, பெற்றோர், மாமனார், மாமியார் என யாரோடு பகிர்ந்தாலும் அப்படித்தான். அவர் அதே கட்டடத்தில் குடியிருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. உங்கள் விஷயத்தில் அம்மா மாடியில் இருக்கிறார், கீழே வந்து சமைப்பார். இரண்டும் பொருந்திவிடுகிறது.

சட்டம் பொருந்தவில்லை என்றால் வாரியத்துக்கு உங்கள் வழக்கை எடுக்கவே அதிகாரம் இல்லை. பிப்ரவரி நடுவில் "இந்த வாரத்துக்குள் காலி செய்" என்று வீட்டுக்காரர் சொன்னால், வாரியத்தின் உத்தரவு வாங்கி வா என்று நீங்கள் கேட்க முடியாது. இதைத் தெரிந்தே செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மாதம் ஒருமுறை இறங்கி வந்து ஒரு குக்கர் வைத்துவிட்டுப் போனால் போதும், எல்லாப் பொறுப்பிலிருந்தும் தப்பித்துவிடலாம் என்று தரகர்களே சொல்லிக் கொடுக்கிறார்கள். வாரியம் அதை ஏற்குமா என்பது வேறு விஷயம், நிஜமான பகிர்வா என்று பார்ப்பார்கள். ஆனால் ஒப்பந்தத்தில் "சமையலறை பொது" என்று எழுதி நீங்கள் கையெழுத்தும் போட்டிருந்தால், வழக்கு அங்கேயே பாதி சாய்ந்துவிடும்.

எது இந்த விலக்கில் வராது என்பதையும் சொல்கிறேன், இதில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். துணி துவைக்கும் மெஷினைப் பகிர்ந்தால் பிரச்சினை இல்லை. ஒரே முன்வாசல் என்றாலும் பிரச்சினை இல்லை. இன்னொரு வாடகைதாரரோடு சமையலறையைப் பகிர்ந்தால் உங்கள் உரிமை அப்படியே இருக்கும். உரிமையாளரின் அண்ணன் தம்பி, அத்தை பையன் வந்து சமைத்தாலும் இருக்கும், அவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. அம்மா இருக்கிறார். ஆகவே வீட்டுக்காரரிடம் நேரடியாகக் கேளுங்கள்: பேஸ்மென்ட் சமையலறையும் குளியலறையும் எங்கள் குடும்பத்துக்கு மட்டும்தானா? ஆம் என்றால் அதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வேறு வீடு பாருங்கள். வயதான அம்மாவை எப்படி வராதே என்று சொல்வது எனத் தயங்காதீர்கள், அவர்களுக்கு மாடியில் ஒரு சமையலறை இருக்கும்.

பணத்துக்கு வருவோம். ஆறு மாத வாடகை 9,000, டேமேஜ் டெபாசிட் 1,500, தரகருக்கு 800, ஆக 11,300 டாலர். நம் ஊர்ப் பணத்தில் சுமார் ஏழு லட்சம். சட்டப்படி அவர்கள் கேட்கக்கூடியது முதல் மாத வாடகையும் கடைசி மாத வாடகையும் மட்டும், 3,000 டாலர். டேமேஜ் டெபாசிட் என்பதே ஒன்டாரியோவில் கிடையாது. வீட்டுக்காரர் சார்பில் வேலை செய்கிறவர் குடிவருபவரிடம் கமிஷன் வாங்கக் கூடாது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸும் தரகருக்கு ஒரு மாத வாடகையும் கொடுத்துப் பழகியவர்களுக்கு இது கொள்ளையாகவே தெரிவதில்லை. அது அந்தத் தரகர்களுக்கு நன்றாகத் தெரியும். "நம்ம ஆளு" என்று தமிழில் பேசித்தான் வாங்குகிறார்கள். வாடகை வீடு பேசித் தரும் தொழிலுக்கு ஒன்டாரியோ ரியல் எஸ்டேட் கவுன்சிலில் பதிவு வேண்டும். அதன் இணையதளத்தில் பெயரைப் போட்டால் பதிவு இருக்கிறதா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பெயர் இல்லையென்றால் அந்த ஆளோடு பேச்சை அத்தோடு நிறுத்துங்கள். ஈ-டிரான்ஸ்ஃபர் என்ற இணையவழிப் பணப் பரிமாற்றத்தில் போன பணம் திரும்பி வராது. வீடே இல்லாத வீட்டுக்கு, யாரோ எடுத்த போட்டோவைக் காட்டிப் பணம் வாங்கிய கதைகள் என் மேசையில் நிறைய இருக்கின்றன.

பார்க்காத வீட்டுக்குக் கையெழுத்து வேண்டாம். முதல் இரண்டு வாரத்துக்கு ஒரு தற்காலிகத் தங்கும் அறையை எடுத்துக்கொண்டு, நேரில் போய் அந்த பேஸ்மென்டில் கால் மணி நேரம் நின்று பாருங்கள். சாக்ஸோடு நின்றால் தரை எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும். ஜன்னல் கண்ணாடியின் அடியில் கறுப்பாகப் பூஞ்சை இருந்தால் அங்கே ஈரம் நிற்கிறது. சளி பிடிக்கும் குழந்தைக்கு அது குளிரைவிடக் கெடுதல். படுக்கையறைக்குப் பக்கத்தில், கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு கசிந்தால் எச்சரிக்கும் அலாரம் இருக்கிறதா என்று பாருங்கள். வெளியே போய், பக்கச் சுவரில் ஃபர்னஸின் வெள்ளை பிளாஸ்டிக் குழாய்கள் இரண்டு நீட்டிக்கொண்டிருக்கும், அவை எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்றும் பாருங்கள். பெரும் பனி பெய்த காலையில் அவற்றின் வாய் மூடிப்போனால் ஃபர்னஸ் நின்றுவிடும், இல்லையென்றால் விஷப்புகை உள்ளே திரும்பும். வாசல் பனிக்கு முன் அந்தக் குழாயடியைத்தான் வெட்டிவிட வேண்டும்.

வாசல் பனி அள்ளுவது உங்கள் பொறுப்பு என்று வாடகை ஒப்பந்தத்தில் எழுதுவது செல்லாது. பேஸ்மென்டில் குடியிருந்த ஒரு பெண் வீட்டு நடைபாதையின் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்த வழக்கில், 2009-ல் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பொதுவழியைச் சுத்தமாக வைப்பது வீட்டுக்காரர் கடமை. நீங்கள் செய்வதென்றால் அதற்குக் கூலியோடு தனி ஒப்பந்தம் வேண்டும். விழுந்து அடிபட்டால் 60 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நகராட்சி நடைபாதையில் விழுந்திருந்தால் 10 நாள்தான். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புவதற்குள் ஓடிப்போகிற கெடு இது. யாருக்காக வைத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

உடுப்பை இங்கே வாங்காதீர்கள், சட்பரியில் வாங்குங்கள். நம் ஊர்க் கடையில் விற்கும் ஸ்வெட்டர் அந்தக் காற்றுக்கு நிற்காது. உள்ளே பருத்தி வேண்டாம், வியர்த்தால் ஈரம் பிடித்துக்கொண்டு உடம்பைக் குளிர வைக்கும். காற்றோடு சேர்ந்த குளிர் மைனஸ் 28-க்குக் கீழே போனால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறைய ஆரம்பிக்கலாம். பள்ளியில் குளிர் நாளிலும் பிள்ளைகளை வெளியே விளையாட விடுவார்கள். ஆகவே மகளுக்கு முதலில் வாங்க வேண்டியது முழு ஸ்னோசூட், விரல் பிரியாத கையுறை இரண்டு ஜோடி, ஒன்று நனைந்தால் மாற்ற.

கார் வாங்கினால் மலைச்சிகரத்துக்குள் பனிப்பூ பொறித்த முத்திரை உள்ள டயர் போடுங்கள். ஆல் சீசன் டயர் 7 டிகிரிக்குக் கீழே ரப்பர் இறுகிப் பிடிமானம் இழக்கும். ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை என்று விற்பவர் சொல்வார், கேட்காதீர்கள்.

இந்த வாரம் பணம் எதுவும் அனுப்ப வேண்டாம். அரசு வெளியிட்ட தரநிலை வாடகை ஒப்பந்தப் படிவம் 2018 ஏப்ரல் 30 முதல் நடைமுறையில் இருக்கிறது, அந்தப் படிவத்தில் எழுதித் தரும்படி வீட்டுக்காரரிடமே கேளுங்கள், தரகரிடம் அல்ல. சமையலறையைப் பற்றி அவர் என்ன பதில் எழுதுகிறாரோ அதை அப்படியே எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.