வாசகர் கேள்வி-பதில்: பட்டா இல்லாட்டியும் பேரு லிஸ்ட்ல ஏறணும்

கேள்வி: அண்ணாச்சி, எங்க ரோட்டை அகலப்படுத்தப் போறாங்கன்னு கல்லு போட்டுட்டுப் போயிருக்காங்க. இருபது வருசமா ரோட்டோரப் பொறம்போக்குலதான் டீக்கடை வச்சிருக்கேன், பட்டா கிடையாது. ஏடிபி, அதாவது ஆசிய வளர்ச்சி வங்கி காசுன்னு பேசிக்கிடறாங்க. பட்டா இல்லைன்னா ஒத்த ரூபா கிடைக்காதுன்னு அளக்க வந்தவர் சொல்லிட்டாரு, நெசமா?
வாசகர், கருங்கல்

பதில்: நெசம் இல்ல அண்ணே. ஆனா நீங்க சும்மா இருந்துட்டா அது நெசமாயிரும், அதுதான் பயம். மொதல்ல காசு எங்கேர்ந்து வருதுன்னு உறுதி பண்ணிக்கிடுங்க. சென்னை-கன்னியாகுமரி தொழில் வழித்தடத்துக்குன்னு ஆசிய வளர்ச்சி வங்கி 2021ல 48.4 கோடி டாலர் கடன் குடுத்திருக்கு, சுமார் 590 கிலோமீட்டர் மாநில நெடுஞ்சாலையைச் சரி பண்ண. உங்க ரோடு அதுல வருதா, இல்ல வேற திட்டமான்னு நெடுஞ்சாலைத்துறை ஆபீஸ்ல தகவல் உரிமைச் சட்டத்துல எழுதிக் கேளுங்க. பத்து ரூபா கட்டணம், முப்பது நாளைக்குள்ள பதில் தரணும்.

ஏடிபி காசுதான்னு தெரிஞ்சா, பட்டா இல்லாதவங்களுக்கும் அந்த வங்கியோட விதியில இடம் இருக்கு. மண்ணுக்கு விலை தரமாட்டாங்க, ஆனா நீங்க கட்டுன கடை, போட்ட கூரை, அதுக்கெல்லாம் ஈடு தரணும், பிழைப்பு போறதுக்கும் உதவி தரணும்னு 2009 பாதுகாப்புக் கொள்கையிலயே எழுதி வச்சிருக்காங்க, உலக வங்கி விதியும் இதே மாதிரிதான். இதுல ஒரு கண்ணி இருக்கு. கணக்கெடுப்புக்கு ஒரு தேதி வைப்பாங்க, அந்தத் தேதிக்குள்ள அங்க இருந்தவங்க பேருதான் லிஸ்ட்ல வரும், பெறகு கடை போட்டவங்களுக்குக் கிடையாது. அதனால இன்னைக்கே கடையை நாலு பக்கமும் போட்டோ எடுங்க, கரண்டு பில்லோ பஞ்சாயத்து ரசீதோ பழைய பால் கணக்கு நோட்டோ எது இருந்தாலும் எடுத்து வைங்க, கணக்கெடுக்க வர்றவர் உங்க பேரை எழுதுனாரான்னு கண்ணால பாத்துக்கிடுங்க. அவரு வாய்ல சொல்றதை நம்பாதீங்க.

கேள்வி: எங்க கடக்கரையில ஒரு திட்டத்துக்கு "மக்கள் கருத்துக் கேட்பு" வச்சாங்க. ஆம்பிளைங்க எல்லாம் ஆழ்கடலுக்குப் போயிருந்த நேரம். போன பொம்பளைங்க கையெழுத்தை ஒரு நோட்டுல வாங்கிட்டு டீ, வடை குடுத்து அனுப்பிட்டாங்க. இப்போ நாங்க எல்லாரும் சம்மதிச்சதா சொல்றாங்களாம். என்ன செய்ய?
வாசகி, தூத்தூர் பக்கம்

பதில்: இதைப் படிச்சப்போ எனக்கு வயிறு எரிஞ்சுது அம்மா. நானே ஒரு கூட்டத்துல உக்காந்திருக்கேன், எந்த ஆபீஸ்னு இங்க வேண்டாம், வாசல்ல வருகைப் பதிவுன்னு கையெழுத்து வாங்குனாங்க, ஆறு மாசம் கழிச்சு அறிக்கையோட பின்னாடி அதே பக்கம் ஒட்டியிருக்கு, மேல "கலந்தாலோசனையில் பங்கேற்று ஆதரவு தெரிவித்தோர்"னு தலைப்பு. அன்னைக்கு ரெண்டு மணி நேரமா மக்கள் கேட்ட கேள்வி ஒண்ணுகூட அதுல இல்ல.

கையெழுத்து போடுறது தப்பில்ல, ஆனா பேருக்குப் பக்கத்துலயே "வந்தேன், சம்மதம் இல்லை"ன்னோ "மண் அரிப்பு பத்தி கேட்டேன், பதில் சொல்லல"ன்னோ எழுதிப் போடுங்க, பக்கத்தை போன்ல படம் எடுத்துக்கிடுங்க. இப்போ நடந்து முடிஞ்சதுக்கு, அந்தத் தேதியில எத்தனை வீட்டு ஆம்பிளைங்க கடல்ல இருந்தாங்கன்னு சர்ச் பங்குப் பேரவை மூலமா ஒரு பட்டியல் போட்டு, மறுபடி கூட்டம் வைக்கணும்னு கலெக்டருக்கும் திட்டத்துறைக்கும் மனு குடுங்க, ரசீது வாங்காம வராதீங்க. நம்ம மேற்குக் கடல்ல ஜூன் 1லேர்ந்து ஜூலை 31 வரை தடைக்காலம், அப்போ போட்டுக எல்லாம் கரையிலதானே கிடக்கும், அந்த ரெண்டு மாசத்துல வைங்கன்னு நீங்களே தேதி சொல்லலாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, குஜராத்துல முந்த்ராவுல நடந்தது இதேதான். 4000 மெகாவாட் நிலக்கரி மின்நிலையத்துக்கு உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த ஐஎஃப்சி 45 கோடி டாலர் கடன் குடுத்துச்சு. அங்க மீனவக் குடும்பங்க வருசத்துல பல மாசம் கரையிலயே குடிசை போட்டுத் தங்கி மீன் புடிச்சு, கருவாடு காய வச்சு, மழைக்காலத்துல ஊருக்குத் திரும்புறவங்க. நம்ம ஆளுங்க கொச்சிக்குத் தங்கல் போறதில்லையா, அது மாதிரின்னு வச்சுக்கிடுங்க. பாதிக்கப்படுறவங்கன்னு கணக்கு பாக்கும்போது இவங்களைச் சரியா சேக்கவே இல்ல. 2011ல மீனவர் சங்கம் ஐஎஃப்சியோட குறைகேட்பு அமைப்பான சிஏஓவுக்குப் புகார் எழுதுச்சு, 2013ல வந்த தணிக்கை அறிக்கை அதைக் குறையாவே பதிவு பண்ணிச்சு.

கேள்வி: அப்படிப் புகார் குடுத்து என்ன சார் ஆச்சு? கடைசியில அனல் மின்நிலையம் ஓடிக்கிட்டுதானே இருக்கு? நம்ம இனயத்துல வர இருந்த துறைமுகத்தை மக்கள் ரோட்டுல இறங்கித்தானே தடுத்தாங்க?
கல்லூரி மாணவர், மார்த்தாண்டம்

பதில்: தம்பி, நீங்க சொல்றது பாதி சரி. முந்த்ரா மீனவங்க அந்த அறிக்கையோட நிக்கல, 2015ல அமெரிக்காவுல ஐஎஃப்சி மேல கேஸ் போட்டாங்க, 2019 பிப்ரவரியில அங்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு ஒண்ணுன்னு தீர்ப்பு சொல்லிச்சு, இந்த மாதிரி அமைப்புகளுக்கு எந்தக் கேஸ்லயும் தொடவே முடியாத பாதுகாப்பு கிடையாதுன்னு. ஆனா பெறகு கீழ்க்கோர்ட்டுக கேஸைத் தள்ளிட்டாங்க, 2022ல உச்ச நீதிமன்றமும் மறுபடி எடுக்கல. மீனவங்க கைக்கு நஷ்டஈடு வரல. இதை மறைச்சுப் பேசுனா உங்களை ஏமாத்துனதாயிரும்.

ஆனா இன்னொண்ணையும் பாருங்க. நர்மதை சர்தார் சரோவர் அணைக்கு உலக வங்கி 1985ல 45 கோடி டாலர் ஒத்துக்கிடுச்சு, மக்கள் விடாம போராடுனதால மோர்ஸ்ங்கிறவர் தலைமையில தனிக்குழு போட்டு, 1992ல அந்தக் குழு மறுவாழ்வும் சுற்றுச்சூழல் வேலையும் சரியில்லைன்னு எழுதிக் குடுத்துச்சு, 1993ல மிச்சக் கடன் நின்னுச்சு. அணை கட்டுறது நிக்கல, அது வேற வருத்தம். ஆனா அதே வருசம்தான் உலக வங்கி ஆய்வுக் குழுன்னு ஒண்ணை அமைச்சுது, இன்னைக்கு நீங்களும் நானும் புகார் எழுத முடியுதுன்னா அந்தப் பள்ளத்தாக்கு ஜனங்க பட்ட பாடுதான் காரணம். ரோட்டுல இறங்குறதும் காகிதம் எழுதுறதும் ஒண்ணுக்கு ஒண்ணு எதிரி இல்ல தம்பி, ரோட்டுல நிக்கிறவங்க கையில சரியான காகிதம் இருந்தா பேச்சுவார்த்தையில யாரும் தட்டிக்கழிக்க முடியாது. கடன் ஒத்துக்கிடறதுக்கு முன்னாடி கேட்ட கேள்விக்குத்தான் பலம் ஜாஸ்தி, காசு முழுசும் போனப்பெறகு வங்கிக்கும் பிடி இல்ல.

கேள்வி: ஏடிபிக்குப் புகார் இங்கிலீஷ்லதான் எழுதணுமா? வக்கீல் வேணுமா? பேரு வெளிய தெரிஞ்சா பயமா இருக்கு.
பெயர் வேண்டாம், தக்கலை

பதில்: தமிழ்லயே எழுதலாம், வக்கீல் வேண்டாம். பாதிக்கப்பட்டவங்க குறைஞ்சது ரெண்டு பேரு சேர்ந்து எழுதணும். மொட்டைக் கடிதாசி எடுக்கமாட்டாங்க, ஆனா பேரை ரகசியமா வைக்கச் சொன்னா வைப்பாங்க. அதுக்கு முன்னாடி திட்டத்துறைகிட்டயும் ஏடிபி அதிகாரிககிட்டயும் பேசித் தீர்க்கப் பாத்தோம்னு காட்டணும், அதுக்குத்தான் மனு ரசீதை எல்லாம் பத்திரமா வைக்கச் சொல்றேன். திட்டத்தோட கடன் கணக்கை மூடுற தேதிக்கு (closing date) அப்புறம் ரெண்டு வருசம் தாண்டிட்டா எடுக்கமாட்டாங்க, அந்தத் தேதி ஏடிபி வெப்சைட்டுல ஒவ்வொரு திட்டத்துக்கும் போட்டிருக்கும், உங்க வீட்டுப் பிள்ளைககிட்ட போன்ல எடுத்துத் தரச் சொல்லி காலண்டர்ல குறிச்சு வைங்க.