பின்னச் சமன்பாடு: 14 வர வேண்டிய இடத்தில் 22 ஏன் வருகிறது?

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். சாதாரணச் சமன்பாடுகளை நன்றாகவே போடுகிறான். பின்னம் வந்துவிட்டால் மட்டும் தடுமாறுகிறான். கீழே உள்ள கணக்குக்கு ஒரு முறை 22 என்றான், திரும்பப் போட்டபோது −8 என்றான். புத்தகத்தில் விடை 14. நான் இதெல்லாம் படித்து இருபது வருடம் ஆகிறது. எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

(க + 2)/4 − (க − 2)/6 = 2

பதில்: இரண்டு தவறான விடைகளையும் எழுதி அனுப்பியது மிகவும் நல்லதாகப் போயிற்று. உங்கள் மகன் எந்த வரியில் வழுக்கினான் என்பது அவற்றிலிருந்தே தெரிந்துவிடுகிறது. (எக்ஸ் வரும் இடத்தில் நான் க என்று எழுதுகிறேன். அவன் நோட்டில் எக்ஸாகவே இருக்கட்டும்.)

முதலில் சரியான வழி. பகுதிகள் 4, 6. இரண்டுக்கும் மீச்சிறு பொது மடங்கு 12. சமன்பாட்டில் உள்ள ஒவ்வோர் உறுப்பையும் 12-ஆல் பெருக்க வேண்டும். 12-ஐ 4 வகுத்தால் 3, 6 வகுத்தால் 2. ஆகவே:

3(க + 2) − 2(க − 2) = 24
3க + 6 − 2க + 4 = 24
க + 10 = 24
க = 14

இதில் முதல் வரிக்குப் பிறகு பின்னமே இல்லை. அவனுக்கு நன்றாக வரும் சாதாரணச் சமன்பாடுதான் மிச்சம்.

இப்போது 22 எப்படி வந்தது? இரண்டாம் வரியில் + 4 வர வேண்டிய இடத்தில் − 4 என்று எழுதியிருப்பான். அப்போது க + 2 = 24 ஆகி, 22 வந்துவிடும். நான் பார்க்கும் விடைத்தாள்களில் மிக அதிகமாக வரும் தவறு இதுதான். காரணம் பின்னத்தை எழுதும் முறையிலேயே இருக்கிறது. பின்னத்தின் கோடு அடைப்புக்குறியின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. மேலே இருக்கும் க − 2 முழுவதையும் அது கட்டிவைத்திருக்கிறது. பகுதியை நீக்கியதும் கோடு போய்விடும், கட்டும் அவிழ்ந்துவிடும். அப்போது முன்னால் நிற்கும் கழித்தல் குறி க-வை மட்டும் தொட்டுவிட்டு 2-ஐ விட்டுவிடுகிறது. இதற்கு ஒரு பழக்கம் போதும்: கணக்கைப் பார்த்து எழுதும்போதே, ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்புள்ள தொகுதியை அடைப்புக்குறிக்குள் போட்டுவிடச் சொல்லுங்கள். அடைப்புக்குறியைப் பெருக்கித் திறப்பதை அடுத்த வரிக்குத் தள்ளிவைக்கட்டும். இரண்டு வேலைகளையும் ஒரே வரியில் மனத்துக்குள் முடிக்கப் பார்க்கும்போதுதான் குறி தவறுகிறது.

−8 வேறு வகை. வலப்பக்கம் உள்ள 2-க்குக் கீழே பகுதி எதுவும் இல்லாததால் அதைப் பெருக்காமல் விட்டிருக்கிறான். க + 10 = 2 என்று வந்திருக்கும். அந்த −8-ஐ மூலக் கணக்கில் போட்டுப் பாருங்கள்: −6/4 + 10/6, அதாவது 1/6 வரும். 1/6 என்பது 2/12. அவன் பெருக்க மறந்த அதே 12 அங்கே வந்து நிற்கிறது!

பின்னம் இல்லாத எண்ணையும் ஏன் பெருக்க வேண்டும் என்று அவன் கேட்டால் நம் பழைய அளவைகளை வைத்துச் சொல்லலாம். மா என்பது 1/20, மாகாணி 1/16. ஒரு மாவையும் ஒரு மாகாணியையும் எப்படிக் கூட்டுவது? இரண்டையும் முந்திரிக்கு மாற்றிவிட வேண்டும். முந்திரி என்பது 1/320. மாவுக்கு 16 முந்திரி, மாகாணிக்கு 20. ஆக 36 முந்திரி. பின்னம் எல்லாம் முழு எண்ணாகிவிட்டது. ஆனால் அதே கணக்கில் ஒரு முழு 2-உம் இருந்தால்? அதையும் 640 முந்திரி என்று மாற்றித்தானே ஆக வேண்டும்? மற்றதெல்லாம் முந்திரியில் இருக்க, அதை மட்டும் 2 என்று விட்டால் அது 2 முந்திரியாகச் சுருங்கிவிடும். 12-ஆல் பெருக்குவதும் இப்படி அலகை மாற்றுவதுதான். நம் கணக்கில் 12-இல் ஒரு பங்குதான் அலகு. வலப்பக்கத்து 2-க்கு அப்படி 24 பங்குகள்.

குறுக்குப் பெருக்கலைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு பின்னம் மட்டும் இருந்தால், அதாவது (க + 1)/3 = க/2 போல இருந்தால், அது நல்ல குறுக்குவழி. 2க + 2 = 3க, க = 2. உங்கள் கணக்கைப் போல ஒரே பக்கத்தில் இரண்டு பின்னங்கள் இருக்கும்போது, நடுவில் இருக்கும் கழித்தல் குறிக்குக் குறுக்கே பெருக்கினால் கணக்கு கெட்டுவிடும். என்னைக் கேட்டால், மீச்சிறு பொது மடங்கு முறை கைக்குப் பழகும்வரை குறுக்குப் பெருக்கலைச் சொல்லித்தராமல் இருப்பதே நல்லது.

இந்த முறை நன்றாக வரத் தொடங்கியதும் இன்னொரு தவறு தலைகாட்டும். இப்போதே சொல்லிவைக்கிறேன். 'க/4 + க/6-ஐச் சுருக்குக' என்று கேட்டிருப்பார்கள். பிள்ளைகள் பழக்கத்தில் 12-ஆல் பெருக்கி 5க என்று எழுதிவிடுவார்கள். அங்கே சமக்குறி இல்லை. ஒரு பக்கத்தைப் பெருக்கினால் ஈடுகட்ட மறுபக்கம் கிடையாது, மதிப்பே மாறிவிடும். அங்கே விடை 5க/12. பகுதியை நீக்கும் முன் சமக்குறி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும்.

மாறியே பகுதியில் வரும் கணக்குகளும் அப்புறம் வரும். அவற்றில், வந்த விடை பகுதியைப் பூச்சியமாக்கினால் அது விடையே ஆகாது. இப்போதைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

வெறும் பயிற்சிக் கணக்குகள் அலுத்துப்போனால் பாஸ்கரரின் லீலாவதியில் உள்ள தேனீக் கணக்கைக் கொடுங்கள். 1150-இல் எழுதப்பட்ட நூல் அது. ஒரு தேனீக் கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு கடம்பப் பூவுக்குப் போயிற்று. மூன்றில் ஒரு பங்கு இன்னொரு பூவுக்கு. இந்த இரண்டு பங்குகளின் வித்தியாசத்தைப் போல மூன்று மடங்கு வேறொரு பூவுக்கு. ஒரே ஒரு தேனீ மட்டும் காற்றில் அலைந்துகொண்டிருந்தது. மொத்தம் எத்தனை?

க/5 + க/3 + 3(க/3 − க/5) + 1 = க

15-ஆல் பெருக்கினால் 3க + 5க + 6க + 15 = 15க. தேனீக்கள் 15. மூன்று, ஐந்து, ஆறு, ஒன்று என்று எண்ணிச் சரிபார்க்கலாம். விடையை மூலக் கணக்கில் போட்டுப் பார்க்கும் பழக்கம் இந்த மாதிரிக் கணக்குகளில் தானாகவே வந்துவிடும்.

கடைசியாக ஒரு கணக்கு. நீங்கள் எதுவும் சொல்லாமல் அவனிடம் கொடுத்துப் பாருங்கள்:

(3க − 1)/5 − (க + 1)/4 = 2

7 வந்தால் சரி. 39/7 வந்தால் இன்னும் அடைப்புக்குறி போடாமல் எழுதுகிறான். 11/7 வந்தால் வலப்பக்கத்து 2-ஐ 20-ஆல் பெருக்கவில்லை.