தலைசுற்றுக்கும் பிசியோதெரபியா?

கேள்வி: அம்மாவுக்கு 52 வயது. அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து எடுக்கிறார். மூன்று மாதத்துக்கு முன் வீடே சுழல்வதுபோல வந்து, இரண்டு நாள் வாந்தியோடு படுத்துக்கிடந்தார். காது நன்றாகக் கேட்கிறது. உள்காது நரம்பில் கோளாறு என்றார்கள். இப்போதும் சட்டென்று திரும்பினால் தள்ளாடுகிறார். தினமும் சின்னரசின் என்ற தலைசுற்று மாத்திரை போடுகிறார். பிசியோதெரபிக்குப் போகச் சொல்கிறார்கள். அதனால் பலன் உண்டா?

பதில்: உண்டு. அம்மாவுக்கு இப்போது தேவையான மருந்தே அதுதான்.

ஒரு பக்கத்துச் சமநிலை நரம்பு தளர்ந்தால் இரண்டு காதும் மூளைக்கு வேறு வேறு சேதி சொல்லும். மூளை அதைப் பழகிச் சரிக்கட்டிவிடும். ஆனால் தலை அசைந்தால்தான் பழகும். விழுந்துவிடுவோமோ என்று கழுத்தை விறைப்பாக வைத்திருப்பவர்களுக்குத்தான் தள்ளாட்டம் மாதக்கணக்கில் நீள்கிறது. சின்னரசின் முதல் சில நாட்களுக்கு நல்லது. மூன்று மாதம் போட்டால் மூளை பழகுவதையே மந்தப்படுத்தும். சிலருக்குக் கைநடுக்கமும் வரும். நிறுத்துவது பற்றி உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள்.

பயிற்சி எளிது. கதிரையில் உட்கார்ந்து, கையை நீட்டி, கட்டைவிரல் நகத்தைப் பார்க்க வேண்டும். விரல் அசையாமல், தலையை மட்டும் இடம்வலமாக ஒரு நிமிடம் ஆட்ட வேண்டும். நகம் மங்கத் தொடங்கினால் வேகத்தைக் குறையுங்கள். நாளுக்கு நாலைந்து தடவை. பழகியபின் நின்றுகொண்டு, பிறகு லயத்து வீட்டு வாசலில் நடந்துகொண்டே. பக்கத்தில் யாராவது இருங்கள். லேசாகச் சுற்றும்; சுற்றத்தான் வேண்டும். கால்மணி நேரத்தில் அடங்காவிட்டால் அன்றைக்கு அளவு கூடிவிட்டது. சில வாரங்களில் மாற்றம் தெரியும். நுவரெலியா, கண்டி அரச வைத்தியசாலைகளில் பிசியோதெரபி இலவசம். ஒருமுறை நேரில் காட்டிப் பழகிக்கொண்டால் மீதியை வீட்டில் செய்யலாம்.

படுக்கையில் புரளும்போது மட்டும் சில விநாடி சுற்றினால் அது வேறு நோய். உள்காதில் நுண்கற்கள் இடம் மாறியிருக்கும். அதற்கு வைத்தியர் தலையைத் திருப்பிச் செய்யும் எப்லி முறை போதும், விரல் பயிற்சி உதவாது. இரத்தச்சோகையையும், படுத்தும் நின்றும் பிரஷரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தள்ளாட்டம் தீரும்வரை ஈரச் சரிவில் கூடையோடு ஏற வேண்டாம். பேர், அதாவது அன்றைய நாட்சம்பளம், போய்விடும் என்ற கவலை எனக்கும் புரிகிறது. தட்டையான இடத்தில் வேலை தரச்சொல்லி வைத்தியரிடம் கடிதம் வாங்கித் தோட்டத்தில் கொடுங்கள். இரவில் வெளியே கழிவறைக்குப் போனால் டோர்ச் கட்டாயம். இருட்டில் கண்ணின் துணையும் போய்விடும்.

வாய் குழறல், இரட்டைப் பார்வை, கைகால் பலவீனம், திடீர்க் கடும் தலைவலி, நிற்கவே முடியாமை: இவற்றில் ஒன்று வந்தாலும் பயிற்சியை விட்டுவிட்டு உடனே 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள். ஒரு காது திடீரென அடைத்துக் கேட்காமல் போனால் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.