வயலை விற்க வேண்டாம், பிள்ளை இரசாயனம் படிக்கட்டும்

பரந்தனில் இருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. இரண்டாம் தரமும் எழுதியும் மருத்துவத்துக்கான வெட்டுப்புள்ளி எட்டவில்லை. மூன்றாம் தரமும் எழுதட்டும் என்கிறார்கள் சொந்தக்காரர். கனடா மாமாவோ, வயலை விற்று மருத்துவம் படிக்கச் சீனாவுக்கு அனுப்பச் சொல்கிறார்.

அம்மா, உங்கள் கவலை விளங்குகிறது. ஆனால் பெறுபேற்றைப் பாருங்கள்: இரசாயனவியல் ஏ, உயிரியல் சி, பௌதிகவியல் சி. இரண்டு முறையும் இதே கோலம்தான். இரத்தம் கண்டால் தலைசுற்றுகிற பிள்ளை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிறகேன் மூன்றாம் தரம்? வெளிநாட்டில் பட்டம் எடுத்து வந்தாலும், இங்கே வைத்தியம் பார்க்க மருத்துவப் பதிவுக்கான பரீட்சையில் சித்தியடைய வேண்டும். அதில் தடுக்கினால் வயலும் இல்லை, வைத்தியரும் இல்லை. இரணைமடுத் தண்ணீர் பாய்கிற காணியை இதற்காக விற்க நான் சம்மதிக்க மாட்டேன்.

தாதியர், ஆசிரியர், வங்கி பற்றி ஊரே சொல்லும். நான் சொல்வது பல்பகுதிய இரசாயனம், அதாவது பிளாஸ்டிக், இறப்பர் போன்ற பொலிமர்களின் இரசாயனம்; அதிலும் உயிர்க்கலங்களை வளர்க்கிற பூச்சுகள்.

மனிதக் கருவில் இருந்து எடுக்கும் ஸ்டெம் கலங்கள் உடலின் எந்தக் கலமாகவும் மாறக்கூடியவை. ஆய்வுகூடத்தில் வளர அவற்றுக்குப் பிடிமானம் வேண்டும். வெறும் பிளாஸ்டிக் தட்டில் சரியாக ஒட்டாது. 1998 இல் மனிதக் கருவிலிருந்து முதன்முதலில் பிரித்தெடுத்தபோது, சுண்டெலிக் கலங்களைப் பரப்பி அதன் மேல்தான் வளர்த்தார்கள். அப்புறம் வந்த மேட்ரிஜெல் என்ற பூச்சும் சுண்டெலியின் கட்டியில் இருந்து எடுப்பதுதான். ஒரு தொகுதி போல மற்றது இராது. நோயாளியின் உடலுக்குள் போகவேண்டிய கலத்தில் எலியின் எச்சம் இருக்கலாமா? அதனால்தான் செயற்கைப் பூச்சுகளைத் தேடினார்கள். 2010 இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முழுக்கச் செயற்கையான பல்பகுதியப் பூச்சில் இந்தக் கலங்களை நீண்டகாலம் வளர்த்துக் காட்டினார்கள். ஜப்பானில் தெரூவோ ஒக்கானோ குழுவினர் கலத்தாள்கள் வளர்க்கப் பயன்படுத்திய பூச்சு இன்னும் விசித்திரமானது. 37 பாகையில் கலங்கள் அதில் ஒட்டி வளரும். 32க்குக் கீழே குளிரவிட்டால் பூச்சு நீரை இழுத்து உப்பும். கலங்கள், நல்ல கல்லில் தோசை எழும்புகிற மாதிரி, நொதியம் எதுவும் போடாமலே ஒரே தாளாகக் கழன்று வரும். மருத்துவத்துக்கான வேலைதான், ஆனால் செய்வது இரசாயனம் தெரிந்தவர்.

இந்த வேலை கிளிநொச்சியில் கிடைக்காது, அதை மறைக்கவில்லை. முதலில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்துக்கு முயலட்டும், அங்கே இரசாயனத்தைப் பிடித்துக்கொள்ளட்டும். இடம் கிடைக்காவிட்டால் இராஜகிரியவில் இலங்கை இரசாயன நிறுவகத்தின் கல்லூரி இருக்கிறது. கட்டணம் உண்டு, விசாரித்துவிட்டு முடிவெடுங்கள். ஆராய்ச்சிக்கு வெளிநாடு போனால் உதவித்தொகையோடு மட்டும் போகட்டும். அமெரிக்காவில் இரசாயனக் கலாநிதிப் படிப்புக்குப் பெரும்பாலும் கட்டணத்தை விலக்கிச் செலவுக்கும் பணம் தருவார்கள். காசு கட்டிக் கலாநிதி ஆக வேண்டாம். ஸ்டெம் கலம் கைகூடாவிட்டாலும், இறப்பர், டயர், கையுறைத் தொழிற்சாலைகளுக்கு இதே படிப்புத்தான் தேவை.

விண்ணப்பத்தில் பாடநெறிகளின் வரிசையை மகளே எழுதட்டும். மாமா மறுபடி இந்தக் கதையை எடுத்தால், சீனப் படிப்பின் முழுச் செலவையும், அதில் தன் பங்கு எவ்வளவு என்பதையும் எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள்.